நைல் கின்னிக்: மைதானத்திலிருந்து பரியா வளைகுடா வரை

[காட்சி: கறுப்பு வெள்ளைப் படம். மேடையில் ஒலிவாங்கி முன் ஒரு இளைஞன்.]

1939 டிசம்பர், நியூயார்க். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் அந்த ஆண்டின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையை வாங்க 21 வயதுப் பையன் ஒருவன் மேடை ஏறுகிறான். ஐரோப்பாவில் போர் தொடங்கி மூன்று மாதம் ஆகியிருக்கிறது. அமெரிக்கா இன்னும் அதில் இறங்கவில்லை.

பயிற்சியாளருக்கும் கூட ஆடியவர்களுக்கும் நன்றி சொன்ன பிறகு, ஐரோப்பாவின் போர்க்களங்களில் அல்லாமல் தன் ஊர்ப் பக்கத்து விளையாட்டு மைதானங்களில் மோதக் கிடைத்ததற்காகக் கடவுளுக்கு நன்றி என்றான். இந்த நாட்டின் வீரர்கள் போர்ப் பதக்கத்தைவிட இந்தக் கோப்பைக்காகப் போராடவே விரும்புவார்கள் என்றும் சொன்னான். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

அவன் பெயர் நைல் கின்னிக். மூன்றரை வருடம் கழித்து, கடற்படை விமானியாக, 24 வயதில் இறந்துபோனார். எதிரி விமானம் ஒன்றைக்கூட அவர் சந்திக்கவில்லை.

[காட்சி: அமெரிக்க வரைபடம். அயோவா மாநிலம் மட்டும் நிறம் மாறுகிறது.]

அயோவா என்றால் சோளக்காடு. அங்கே ஏடல் என்ற சின்ன ஊரில் 1918 ஜூலை 9-ல் பிறந்தவர் கின்னிக். அம்மா வழித் தாத்தா ஜார்ஜ் கிளார்க் அந்த மாநிலத்தின் ஆளுநராக இருந்தவர். பள்ளி வயதில் பேஸ்பாலும் ஆடினார். பின்னாளில் பேஸ்பால் உலகமே கொண்டாடிய பாப் ஃபெல்லர் பந்து வீச, அதைப் பிடிக்கும் இடத்தில் கின்னிக் உட்கார்ந்திருக்கிறார்! முப்பதுகளின் பொருளாதார வீழ்ச்சியில் விவசாயம் நொடித்தது. அப்பாவின் வேலைக்காகக் குடும்பம் நெப்ராஸ்காவில் உள்ள ஓமஹாவுக்குக் குடிபெயர்ந்தது. ஆனால் கல்லூரிக்கு அயோவாவுக்கே திரும்பி வந்தார்.

இந்த இடத்தில் விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நாம் கால்பந்து என்று சொல்வது வேறு. இது முட்டை வடிவப் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுகிற, எறிகிற, ஆளோடு ஆள் மோதுகிற ஆட்டம். இன்றைக்குத் தாக்க ஒரு அணி, தடுக்க வேறொரு அணி என்று தனித்தனியாக இறக்குகிறார்கள். அன்றைக்கு அப்படி இல்லை. 60 நிமிட ஆட்டம் நான்கு பகுதிகள். ஒரு பகுதியின் நடுவில் வெளியே போனால், அந்தப் பகுதி முடியும் வரை திரும்ப வர முடியாது. அதனால் தாக்குகிற பதினொரு பேரே தடுக்கவும் வேண்டும்.

கின்னிக்கின் உயரம் சுமார் ஐந்தடி எட்டு அங்குலம்தான். இந்த ஆட்டத்துக்கு அது சிறிய உடம்பு. ஆனால் அவர் ஓடுவார், எறிவார், உதைப்பார், எதிரணி எறியும் பந்தைக் குறுக்கே பாய்ந்து பிடிப்பார். அதோடு 'டிராப் கிக்' என்று ஒரு வித்தை வைத்திருந்தார். பந்தைத் தரையில் விட்டு, அது எழும்புகிற அந்தக் கணத்தில் உதைப்பது. முட்டை வடிவப் பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்று யாருக்குத் தெரியும்? எத்தனை ஆயிரம் தடவை பழகியிருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

1937, 1938 என்ற இரண்டு வருடங்களிலும் சேர்த்து அயோவா பல்கலைக்கழக அணி ஆடியது 16 ஆட்டம், ஜெயித்தது இரண்டே இரண்டு. 1939-ல் எடி ஆண்டர்சன் புதிய பயிற்சியாளராக வந்தார். அவர் ஒரு மருத்துவரும்கூட. கையில் இருந்த ஆட்கள் குறைவு, ஆகவே பலர் முழு 60 நிமிடமும் களத்திலேயே நின்றார்கள். 'இரும்பு மனிதர்கள்' என்று அந்த அணிக்குப் பெயர் வந்தது இப்படித்தான்.

[காட்சி: மைதானத்தின் வரைபடம். பந்து போகும் வழி கோடாக நகர்கிறது.]

நவம்பர் 11. எதிரில் நோட்டர் டேம் பல்கலைக்கழகம், அதுவரை தோற்காத அணி. இடைவேளைக்குச் சற்று முன் கின்னிக் பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டினார், 6 புள்ளி. பிறகு டிராப் கிக், இன்னொரு புள்ளி. நோட்டர் டேமும் 6 எடுத்தது, ஆனால் கூடுதல் புள்ளிக்கான உதை தவறிவிட்டது. 7-6. கடைசி நிமிடங்களில் பந்து எதிரணி கைக்குப் போகப்போகிறது. எவ்வளவு தூரம் தள்ள முடியுமோ அவ்வளவு தூரம் தள்ளியாக வேண்டும். களைத்துப்போன கால்களோடு கின்னிக் உதைத்த பந்து 63 கெஜம் பறந்து, எதிரணியின் எல்லைக்கோட்டை ஒட்டி வெளியே விழுந்தது. அந்த ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அவர் எடுத்த புள்ளிகளைவிட இந்த உதைதான்.

அடுத்த வாரம் மினசோட்டா. கடைசிப் பகுதி தொடங்கும்போது 0-9 என்று பின்தங்கியிருந்த அயோவா 13-9 என்று ஜெயித்தது. அயோவா எல்லைக்கோட்டைத் தாண்டிய இரண்டு முறையும் பந்தை எறிந்தவர் கின்னிக். பிடித்தவர்கள் எர்வின் பிராஸும் பில் கிரீனும். அந்த வருடம் அயோவா எடுத்த 130 புள்ளிகளில் 107-ல் அவர் பங்கு இருந்தது. ஆண்டின் சிறந்த ஆண் விளையாட்டு வீரர் யார் என்று அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் நடத்திய வாக்கெடுப்பில் குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸையும் பேஸ்பால் வீரர் ஜோ டிமாஜியோவையும் தாண்டி முதலிடம் அவருக்கு.

சரி, அப்புறம் என்ன? தொழில்முறை அணி ஒன்று அவரைத் தேர்ந்தெடுத்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சட்டக் கல்லூரியில் சேர்ந்தார். 1940 அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சி வேட்பாளர் வெண்டல் வில்கி அயோவாவுக்கு வந்தபோது, அவரைக் கூட்டத்துக்கு அறிமுகம் செய்து பேசியது கின்னிக்தான். தாத்தாவைப் போல அரசியலுக்கு வருவார் என்று பலர் எதிர்பார்த்தார்கள்.

ஒரே வருடத்தில் சட்டப் படிப்பை நிறுத்திவிட்டுக் கடற்படை விமானப் பிரிவில் சேர்ந்தார். வரலாற்றில் தான் வியந்த ஒவ்வொருவரும் நாட்டுக்கு ஆபத்து வந்தபோது மனமுவந்து படையில் பணியாற்றியவர்கள் என்று எழுதியிருக்கிறார். பணிக்கு வந்து சேர்ந்த நாள் 1941 டிசம்பர் 4. மூன்றே நாளில் ஹவாயில் இருந்த அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கியது. மேடையில் பேசியதற்கும் இதற்கும் முரண் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. போரை விரும்பாத ஒருவர், அது வரும் என்று தெரிந்தபோது விலகி நிற்கவில்லை.

[காட்சி: கடல். விமானம் தாங்கிக் கப்பலின் மேல்தளம்.]

1943 ஜூன் 2. டிரினிடாடுக்கும் வெனிசுவேலாவுக்கும் இடையில் இருக்கும் பரியா வளைகுடா. புத்தம் புதிய லெக்சிங்டன் கப்பல் அங்கே ஓட்டம் பழகிக்கொண்டிருந்தது. அதே பெயருடைய பழைய கப்பல் முந்தைய வருடம் பவளக் கடல் சண்டையில் மூழ்கிவிட்டது. கின்னிக் ஓட்டியது வைல்ட்கேட் என்ற ஒற்றை இருக்கை விமானம். சாதாரணப் பயிற்சிப் பறப்பு. நடுவானில் எண்ணெய் கசியத் தொடங்கியது. எண்ணெய் இல்லாமல் எஞ்சின் அதிக நேரம் தாங்காது. கப்பலுக்குத் திரும்பலாம் என்றால், மேல்தளத்தில் புறப்படத் தயாரான விமானங்கள் நின்றன. தடுமாறும் விமானத்தை அங்கே இறக்கினால் மற்றவர்களின் உயிருக்கும் ஆபத்து. கடலிலேயே இறக்கினார்.

கூடப் பறந்த விமானி மேலிருந்து பார்த்தார். விமானத்தை விட்டு வெளியே, தண்ணீரில் கின்னிக் தெரிந்தார். எட்டு நிமிடத்தில் மீட்புப் படகு வந்து சேர்ந்தது. தண்ணீர்மேல் எண்ணெய்ப் படலம் மட்டும் மிதந்தது. உடல் கிடைக்கவே இல்லை.

அடுத்த வருடம் அவருடைய தம்பி பென்னும் பசிபிக் போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டப்போய் இறந்தார். பல்கலைக்கழக மைதானத்துக்கு மூத்த மகனின் பெயரை வைக்கலாமா என்ற பேச்சு போருக்குப் பிறகு எழுந்தபோது அப்பா சம்மதிக்கவில்லை. எத்தனையோ வீட்டுப் பிள்ளைகள் செத்திருக்க, தன் பிள்ளை பெயரை மட்டும் தனியாக எடுத்து வைப்பதில் அவருக்கு விருப்பமில்லை. 1972-ல்தான் ஒத்துக்கொண்டார். அயோவா சிட்டியில் இன்று அது கின்னிக் மைதானம். அவர் அணிந்த 24-ஆம் எண்ணை அந்த அணியில் வேறு யாருக்கும் கொடுப்பதில்லை.

[காட்சி: டோக்கியோ. மழையில் அணிவகுப்பின் பழைய படம்.]

இன்னொரு மைதானத்துக்கும் அவர் பெயர் இருந்தது. டோக்கியோவில், மெய்ஜி ஆலயத்தின் வெளிப்பூங்கா மைதானம். போரில் ஜப்பான் சரணடைந்த பிறகு அமெரிக்கப் படை அதை எடுத்துக்கொண்டு நைல் கின்னிக் மைதானம் என்று பெயர் மாற்றியது. பிறகு ஜப்பானியரிடமே திரும்பியது. 1964 ஒலிம்பிக் நடந்த தேசிய அரங்கம் அதே இடத்தில்தான் எழுந்தது.

கின்னிக் கடலில் விழுந்து நான்கு மாதம் கழித்து, 1943 அக்டோபர் 21 அன்று, அந்த மைதானத்தில் ஒரு வழியனுப்பு விழா நடந்தது. படிப்பைப் பாதியில் நிறுத்திப் போருக்குப் போகும் கல்லூரி மாணவர்கள் தோளில் துப்பாக்கியோடு, கொட்டும் மழையில், பிரதமர் தோஜோவின் முன்னால் அணிவகுத்துப் போனார்கள். கின்னிக் சட்டக் கல்லூரியை விட்டு வந்த அதே வயதுதான் அவர்களில் பலருக்கும்.