பாடின வாய் சும்மா இராது

(ஓய்வூதியர் சங்க ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

மேடையில் வீற்றிருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, வேலைப்பளுவுக்கு நடுவிலும் வந்திருக்கும் வட்டார மருத்துவ அலுவலர் அவர்களே, பொன்னாடை வேண்டாம் என்று கும்பிட்டுச் சொல்லியும் போர்த்திவிட்ட சங்கத் தலைவர் ஐயா அவர்களே, எனக்கு முன்னால் நெடுநேரம் பேசி என் வேலையைக் குறைத்த தமிழாசிரியர் அவர்களே, கடைசி வரிசையில் சுண்டலுக்குக் காத்திருக்கும் என் வயதுத் தோழர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

மறதிநோய் வந்த பெரியவர்களுக்குப் பாட்டு எப்படி உதவுகிறது என்பதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்று செய்தி சொல்கிறேன். மூளையில் என்ன நடக்கிறது, வீட்டில் என்ன செய்யலாம், நம் நாகசுரம், தவில் கலைஞர்களை இந்தப் பணியில் எப்படிச் சேர்ப்பது.

‘ஆடின காலும் பாடின வாயும் சும்மா இராது’ என்பார்கள். கேலிக்குச் சொன்ன பழமொழிதான். 2015-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகர ஆய்வாளர்கள் ஏறக்குறைய அதற்குச் சாட்சி சொல்லிவிட்டார்கள். நெடுநாள் பழகிய பாட்டை நினைவில் வைக்கும் மூளைப் பகுதிகளைக் கண்டறிந்து, அல்சைமர் என்னும் மறதிநோய் வந்தவர்களின் மூளைப் படங்களோடு ஒப்பிட்டார்கள். மற்ற இடங்களைச் சுருக்கிய அளவுக்கு நோய் அந்தப் பகுதிகளைச் சுருக்கவில்லை.

சரி, கதைக்கு வருகிறேன். பக்கத்து ஊரில் ஒரு பெரியவர். இளமையில் ஏற்றம் இறைத்தவர். மறதிநோய் முற்றி, மகன் பேரே மறந்துவிட்டது. குளிக்கக் கூப்பிட்டால் போதும், “யாரோ வேட்டியை உருவுறாங்க” என்று கத்துவார், மருமகளை அடிக்கப் போவார். ஒருநாள் பேரன் அவரைத் தொட்டியடியில் உட்காரவைத்து, தாத்தாவிடம் எப்போதோ கேட்ட ஏற்றப்பாட்டை அரைகுறையாக இழுத்தான். ஏற்றப்பாட்டில் இறைக்கும் ஒவ்வொரு சால் தண்ணீரையும் எண்ணி எண்ணித்தானே பாடுவார்கள்? பயல் ஐந்தை விட்டு ஆறுக்குத் தாவினான். “அஞ்சு எங்கடா?” என்றார் தாத்தா. அப்புறம் அவரே பாட ஆரம்பித்துவிட்டார். எண்ணுக்கு ஒரு செம்புத் தண்ணீர். சோப்புப் போட்டாயிற்று, துவட்டத் துண்டும் வந்தாயிற்று. ஆள் எழுந்திருக்கவில்லை. “நூறு ஆகாமப் பாத்தி எப்படி நிறையும்?” மருமகள் ஓடிவந்து, “மாமா, தொட்டியில தண்ணி தீர்ந்துபோச்சு” என்றாள். பெரியவர் நிமிர்ந்து பார்த்து, “மோட்டாரைப் போடு” என்றார்! மகன் பேர் மறந்தவருக்கு மோட்டார் மறக்கவில்லை, பாருங்கள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். அந்த மருமகளுக்கு அன்றைக்கு அடி விழவில்லை.

பாட்டு நோயைக் குணமாக்காது. போன நினைவும் திரும்பாது. 2018-இல் காக்ரேன் என்ற உலக மருத்துவ ஆய்வு அமைப்பு பல ஆய்வுகளைச் சேர்த்து அலசியது. இசைச் சிகிச்சையால் மனச்சோர்வும் நடத்தைச் சிக்கல்களும் குறையலாம், அறிவாற்றலில் பெரிய மாற்றம் இராது என்பதே அதன் முடிவு. பராமரிக்கிறவர்களுக்கு அதுவே பெரிய சம்பளம்.

கடையில் விற்கும் ‘மன அமைதி இசை’ வேண்டாம். பத்து வயது முதல் முப்பது வரை அவர் கேட்ட பாட்டு வேண்டும். இன்று எண்பது வயதானவருக்கு அது இலங்கை வானொலியில் கேட்டதாக இருக்கலாம், தேவாரமாகவோ நடவுப் பாட்டாகவோ இருக்கலாம். டிவியை அணைத்துவிட்டு, சத்தத்தைக் குறைத்து, சாயங்காலம் இவர்களுக்கு வரும் பதற்றம் தொடங்கும் முன்பே போடுங்கள். முகம் சுருங்கினால் நிறுத்திவிடுங்கள். சில பாட்டு துக்கத்தையும் கிளறும்.

இதற்கெல்லாம் வீட்டில் ஒரு ஆள் வேண்டுமே! இந்தியாவில் மறதிநோய் உள்ள முதியவர்கள் சுமார் 88 லட்சம் என்று மதிப்பிடுகிறார்கள். பெரும்பாலும் அவர்களைத் தாங்குவது மனைவி, மகள், மருமகள். அந்தப் பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. அதனால்தான் போன ஆண்டும் இதே மேடையில் கேட்டேன்: பூட்டிக் கிடக்கும் சமுதாயக் கூடத்தை முதியோர் பகல் பராமரிப்பு மையமாக்குங்கள். காலை பத்து முதல் மாலை நான்கு வரை போதும். பாட ஆள்? ஓய்வுபெற்ற பாட்டு டீச்சர்கள் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள். பஜனைக் கோஷ்டி இருக்கிறது. பாடின வாய் சும்மா இராது, நகர்மன்றத் தலைவர் அவர்களே, கூப்பிட்டுப் பாருங்கள். கூலிக்குக் கேட்கவில்லை, சாவிக்குக் கேட்கிறோம். கழிப்பறைக்குக் கைப்பிடியும், ஒரு செவிலியரும், வீட்டிலிருந்து அழைத்துவர ஒரு வண்டியும் நகராட்சி தரட்டும்.

சங்கத் தலைவர் ஐயா சீட்டு அனுப்பிவிட்டார். நாகசுரக் கலைஞர்கள் மன்னிக்க வேண்டும், உங்களுக்குத் தனிக்கூட்டமே போடலாம். மையம் கோரும் தீர்மானத்தைச் செயலாளர் இப்போது வாசிப்பார். கையெழுத்து நோட்டு வாசலில் இருக்கிறது, சுண்டலும் அங்கேதான்.