மூலையில் உட்கார்ந்திருந்த பிஷப்

வணக்கம். சதுரங்கம் கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "சார், எந்த ஓப்பனிங் ஆடினால் சீக்கிரம் ஜெயிக்கலாம்?" என்றுதான். ஓப்பனிங் என்றால் ஆட்டத்தைத் தொடங்கும் முதல் சில நகர்த்தல்கள். அவர்களுக்கு நான் போட்டுக் காட்டுவது ஒரே ஆட்டம்.

2010 மே 11, பல்கேரியாவின் சோபியா நகரம். உலகச் சாம்பியன் போட்டியின் 12வது, கடைசி ஆட்டம். ஆனந்தும் டோபலோவும் ஆளுக்கு ஐந்தரைப் புள்ளி. டோபலோவுக்கு அது சொந்த மண், வெள்ளைக் காயும் அவருக்குத்தான். ஆனந்தோ எரிமலைச் சாம்பலால் விமானங்கள் ரத்தாகி, பிராங்க்பர்ட்டிலிருந்து காரிலேயே வந்து சேர்ந்தவர்.

டிரா ஆனால் அடுத்தது ரேபிட், அதாவது குறைந்த நேரத்தில் ஆடும் வேக ஆட்டங்கள். அதில் ஆனந்தின் வேகம் ஊரறிந்தது. ஆக, அன்றே முடித்துவிட வேண்டிய அவசரம் டோபலோவுக்குத்தான்.

ஆனந்த் எடுத்தது குயின்ஸ் கேம்பிட் என்ற ஓப்பனிங்கில் கறுப்பு ஆடும் லாஸ்கர் தற்காப்பு. 27 ஆண்டுகள் சாம்பியனாக இருந்த இமானுவேல் லாஸ்கரின் பெயர் கொண்ட பழைய முறை. ஏழாவது நகர்த்தலில் கறுப்புக் குதிரை நடுப்பலகைக்குப் பாயும். பாய்ச்சல் பார்க்க வீரம்தான், நோக்கம் என்னவோ காய்களை மாற்றிக்கொள்வது. பதினொன்றாவது நகர்த்தலுக்குள் ஆளுக்கு ஒரு பிஷப்பும் (மூலைவாட்டில் நகரும் காய்) ஒரு குதிரையும் காலி. சப்பென்ற ஓப்பனிங் என்று பலர் ஒதுக்கிவைத்தது இதைத்தான்.

அப்புறம் ஆனந்தின் மிச்ச பிஷப்பைப் பாருங்கள். இங்கே போகிறது, அங்கே வருகிறது, 28வது நகர்த்தலில் ஏ8 மூலையில் போய் ஒடுங்கிவிடுகிறது. இரண்டே நகர்த்தல் கழித்து ஆனந்த் ஒரு சிப்பாயை நீட்டுகிறார், டோபலோவ் எடுக்கிறார். அது தவறு. உடனே இன்னொன்றை நீட்டுகிறார், அதையும் எடுக்கிறார். அது பெருந்தவறு. வழி திறந்துவிட்டது. ராணி நடுவில் வந்து செக் வைக்க, வெள்ளை ராஜா ஓரத்துக்கு ஓடுகிறார்.

எனக்குப் பிடித்தது 34வது நகர்த்தல். நாமாக இருந்தால் அந்த ராணியை முன்னால்தானே தள்ளுவோம்? ஆனந்த் பின்னால் இழுத்து, தன் முதல் வரிசையிலேயே வைத்தார். மூலையில் இருந்த பிஷப்புக்கு இப்போது பலகையின் மறுமுனை வரை தெரிகிறது.

அதுவரை அசையாமல் இருந்த அந்த பிஷப், 46வது நகர்த்தலில் பலகையைக் குறுக்காகக் கடந்து வெள்ளை ராணியை வெட்டியது.