மருந்து குடிக்கும் பிள்ளையின் நாக்கு கறுத்தால்

[காட்சி: காலைப் பனியில் ஒரு தோட்ட லயம். வாசலில் சிறுவன் நாக்கை நீட்டுகிறான்.]

காய்ச்சல் விட்டுவிட்டது, காது வலியும் அடங்கிவிட்டது. நாக்கின் நடுவில் மட்டும் கறுப்பாக ஒரு படை. அன்டிபயோட்டிக் பாணி குடிக்கும் சில பிள்ளைகளுக்கு இப்படி வருவதுண்டு. அப்பாயி திருஷ்டி கழிக்கச் சொல்வார். கழிக்கட்டும், கெடுதல் இல்லை. பாணியைப் பாதியில் நிறுத்துவதுதான் கெடுதல்.

[காட்சி: நாக்கின் மேற்பரப்பு, பெரிதாக்கிய படம்.]

நாக்கு முழுவதும் நூல் நுனி போன்ற நுண்ணிய முளைகள் இருக்கின்றன. மெல்லும்போது அவற்றின் நுனி உராய்ந்து உதிரும். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளை கஞ்சி தவிர எதையும் தொடாது. நுனி உதிராமல் நீள்கிறது. அமொக்சிசிலின் போன்ற மருந்தோ, நோய்க்கிருமியோடு வாயில் வழக்கமாகக் குடியிருக்கும் பக்டீரியாக்களையும் குறைத்துவிடுகிறது. அந்த இடத்தில் நிறமி உண்டாக்கும் பக்டீரியாக்கள் பெருகி, நீண்ட முளைகளுக்கிடையே தங்குகின்றன. போதாததற்கு நம் மலையகத்தில் பால்பல் பிள்ளைக்கும் சாயத்தண்ணீர், அதாவது பால் சேர்க்காத தேநீர், ஊற்றிக் கொடுக்கிறோம். அந்தச் சாயமும் அங்கேயே ஊறுகிறது.

[காட்சி: தாய் பிள்ளையின் நாக்கைத் துலக்கிவிடுகிறார்.]

மென்மையான பிரஷ்ஷால் காலையும் இரவும் நாக்கை மெதுவாகத் தேய்த்துவிடுங்கள். தண்ணீர் நிறையக் கொடுங்கள். சாயத்தண்ணீர் கொஞ்ச நாள் வேண்டாம். மருந்து முடிந்த சில நாட்களில், சிலருக்குச் சில வாரங்களில், நிறம் போய்விடும். பல்லில் மண்ணிறக் கறை விழுந்தாலும் பயமில்லை, அது மேலோடு ஒட்டியது. டெட்ராசைக்ளின் என்ற அன்டிபயோட்டிக்கின் கதைதான் வேறு: அதன் கறை வளரும் பல்லுக்குள்ளேயே நிரந்தரமாகப் பதியும். அதனால்தான் 8 வயதுக்குக் கீழ் பொதுவாகக் கொடுப்பதில்லை.

[காட்சி: மூன்று நாக்குகள் அருகருகே.]

எல்லா நிறத்தையும் இப்படி விட்டுவிட முடியாது. துடைத்தால் அடியில் சிவந்து தெரியும் வெண்படை பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதற்குத் தனி மருந்து வேண்டும். காய்ச்சலோடு நாக்கு நுவரெலியா ஸ்ட்ரோபெரி போலச் சிவந்து புள்ளி புள்ளியாகத் தெரிந்தால், அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள்.

உதடும் நாக்கும் வீங்கினாலோ, நீலம் பாரித்தாலோ, மூச்சு வாங்கினாலோ அடுத்த வேளை மருந்தைக் கொடுக்காமல் உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். தோட்டத்தின் பெயர் மட்டும் போதாது, டிவிஷன் பெயரையும் சொல்லுங்கள். வண்டி லயம் வரை ஏறுமா, கொழுந்து மடுவத்தோடு நின்றுவிடுமா என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.