எந்தத் தவறோடு குடித்தனம்?

வணக்கம். மேடை ஏறுவதற்கு முன்னால் ஒரு அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "சார், ஃபைனான்ஸ், ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட், நர்சிங், சைபர் செக்யூரிட்டி, இந்த நாலில் எதற்கு ஸ்கோப் இருக்கிறது?" என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் இருக்கிறது என்று சொல்லித் தப்பித்து வந்துவிட்டேன். நான் சொன்னதில் பொய் கிடையாது. அவருக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் கிடையாது.

அதனால் வேறு கேள்வி ஒன்றை வைக்கிறேன். வேலைக்குப் போனால் தவறு நடக்கும். இந்த நான்கு படிப்புகளும், பளபளப்பை எடுத்துவிட்டுப் பார்த்தால், தவறைத் தடுப்பது எப்படி, நடந்தபின் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுக்கிற படிப்புகள். தவறின் சுபாவம்தான் நான்கிலும் வேறு. எந்த வகைத் தவறோடு தினமும் குடித்தனம் நடத்த உங்களால் முடியும்?

நர்சிங்கில் தொடங்குகிறேன். டாக்டர் 250 மில்லிகிராம் எழுதியிருக்கிறார். குப்பியில் 10 மில்லிலிட்டருக்கு 500 மில்லிகிராம் மருந்து. எவ்வளவு எடுப்பீர்கள்? 5 மில்லிலிட்டர். இங்கே உட்கார்ந்து போட்டால் சின்னப் பிள்ளைக் கணக்கு. ராத்திரி மூன்று மணிக்கு ஒரு படுக்கையில் மணி அடிக்கிறது, இன்னொரு படுக்கையில் வலியில் முனகுகிறார்கள், அப்போது போட்டுப் பாருங்கள்.

அந்த நேரத்துக்காகத்தான் சில பழக்கங்களை முதல் வருடத்திலேயே கையில் ஏற்றிவிடுகிறார்கள். அரை மில்லிகிராமை வெறும் .5 என்று எழுதக் கூடாது. புள்ளி மங்கினால் அது 5 ஆகிவிடும், பத்து மடங்கு மருந்து. முன்னால் சைபர் போட்டு 0.5 என்று எழுத வேண்டும். 5 என்பதை 5.0 என்று எழுதவும் கூடாது. புள்ளி கண்ணில் படாவிட்டால் 50. இன்சுலினுக்கு யூனிட் என்பதை முழுச் சொல்லாக எழுதச் சொல்வார்கள். ஆங்கில முதலெழுத்தை மட்டும் கிறுக்கினால் அது சைபர் மாதிரித் தெரியும், 10 யூனிட் 100 ஆகப் படிக்கப்படும். ஆபத்தான மருந்துகளை இரண்டாவது நர்ஸ் ஒருவர் சரிபார்ப்பார். முதல் ஆளின் விடையை எட்டிப் பார்க்காமல் தனியாகக் கணக்குப் போட வேண்டும் என்பது விதி. பார்த்துவிட்டால் மனசு தலையாட்டிவிடும்.

நர்சிங் என்றால் அன்பும் பொறுமையும் போதும் என்று மேடைகளில் பேசுகிறோம். ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலைக் கைவிளக்கேந்திய காரிகை என்று புகழ்கிறோம். கிரிமியப் போரில் செத்த வீரர்களில் பெரும்பாலோர் காயத்தால் சாகவில்லை, தடுத்திருக்கக்கூடிய நோய்களால் செத்தார்கள் என்று 1858இல் புள்ளிவிவர வரைபடம் போட்டுக் காட்டியவரும் அவர்தான். விளக்கு நமக்கு ஞாபகம் இருக்கிறது, கணக்கு மறந்துவிட்டது.

நர்சிங்கில் தவறு கண்ணெதிரே ஒரு உடம்பின் மேல் விழும். ஃபைனான்ஸில் அப்படி விழாது, ஒளிந்துகொள்ளும். லண்டன் பேரிங்ஸ் வங்கி 1762இல் தொடங்கியது. 1995இல் மூழ்கியது. சிங்கப்பூர் கிளையில் நிக் லீசன் என்ற இளைஞர் வர்த்தகமும் செய்தார், அந்த வர்த்தகத்தைச் சரிபார்த்துக் கணக்கில் ஏற்றும் பிரிவும் அவர் கையிலேயே இருந்தது. நஷ்டங்களை 88888 என்ற கணக்கில் தள்ளித் தள்ளி மறைத்தார். முடிவில் 82 கோடியே 70 லட்சம் பவுண்டு. இரண்டாவது நர்ஸ் தனியாகக் கணக்குப் போடுகிறாரே, அந்த ஏற்பாடு இங்கே இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

ஃபைனான்ஸ் படிக்க வருகிறவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. 100 வைத்திருக்கிறீர்கள், 50 சதவீதம் போய்விட்டது. மறுபடி 100 ஆக எத்தனை சதவீதம் ஏற வேண்டும்? ஐம்பது என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்டது. நூறு, தம்பி. இப்போது சிரித்தீர்களே, அந்தச் சிரிப்பு வந்தால் இந்தப் படிப்பு உங்களுக்குப் பிடிக்கும்.

ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் கொஞ்சம் வேலை பார்த்துவிட்டுப் படித்தால்தான் அது உறைக்கும் என்பது என் அபிப்பிராயம். சுவர் எழும்ப 10 நாள், கதவு செய்ய 6 நாள், இரண்டும் ஒரே நாளில் தொடங்குகின்றன. ஆள் கூட்டி, கதவை 3 நாளில் முடித்துவிட்டீர்கள். எல்லோரும் கைதட்டுவார்கள், வீடு ஒரு நாள்கூட முன்னதாக முடியாது. எந்த வேலை தாமதமானால் மொத்தமும் தாமதமாகும் என்று கண்டுபிடிப்பதுதான் கிரிட்டிகல் பாத். இங்கே தவறு சத்தமில்லாமல் வளரும். சிட்னி ஓப்பரா ஹவுஸுக்குக் கூரை எப்படி நிற்கும் என்பதே முடிவாகாமல் 1959இல் வேலையைத் தொடங்கினார்கள். போட்ட தூண்கள் சில கூரையின் பாரத்தைத் தாங்காது என்று தெரிந்து மறுபடி கட்டினார்கள். 1963இல் திறப்பதாகச் சொன்னது 1973இல் திறந்தது. 70 லட்சம் டாலர் மதிப்பீடு 10 கோடியே 20 லட்சமாயிற்று.

அப்புறம் சைபர் செக்யூரிட்டி. சினிமாவில் காட்டுகிற மாதிரி இருட்டறையில் தட்டுகிற வேலை என்று நினைத்து வருகிறவர்கள் ஏமாறுவார்கள். பாதி நாள் பட்டியல் சரிபார்ப்பதிலேயே போகும். எந்தக் கணினி எங்கே இருக்கிறது, எதில் அப்டேட் போடவில்லை, வேலையை விட்டுப் போனவரின் பாஸ்வேர்ட் இன்னும் வேலை செய்கிறதா? இங்கே தவறு பூட்டாத கதவு மாதிரி. யாரோ தள்ளிப் பார்க்கும் வரை ஒன்றும் ஆகாது.

வன்னாக்ரை கதையைக் கேளுங்கள். கணினிகளைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்ட தீய மென்பொருள் அது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் மாதமே வெளியிட்டுவிட்டது. மே 12ஆம் தேதி தாக்குதல் வந்தது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் அப்டேட் போட்டிருக்கவில்லை. திரைகள் பூட்டிக்கொண்டன, ஆயிரக்கணக்கான சந்திப்புகளும் அறுவைச் சிகிச்சைகளும் ரத்தாயின, சில இடங்களில் அவசரச் சிகிச்சை நோயாளிகளை வேறு மருத்துவமனைக்குத் திருப்பினார்கள். வார்டுகளில் பேனாவும் காகிதமும் திரும்பி வந்தன. காகிதம் வந்தால், 0.5இன் அந்தப் புள்ளியும் கூடவே வந்துவிடுகிறது, இல்லையா?

சேரும் முன் கல்லூரியில் கேளுங்கள். நர்சிங் என்றால் வார்டில் எத்தனை மணி நேரம், ஒரு ஆசிரியருக்கு எத்தனை மாணவர்கள்? சைபர் என்றால், நீங்களே உடைத்துப் பார்த்துத் திரும்பக் கட்ட லேப் இருக்கிறதா? ஃபைனான்ஸ் என்றால் உண்மையான நிறுவனத்தின் ஆண்டறிக்கையை வகுப்பில் பிரித்துப் படிக்கிறார்களா? கட்டடத்தைச் சுற்றிக் காட்டுகிறவர் இதற்குப் பதில் சொல்லத் திணறினால், பாடம் நடத்துகிறவரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

சரி, கேள்விகளுக்கு வருவோம். மைக்கை முதலில் அந்த ஐம்பது சொன்ன தம்பியிடம் கொடுங்கள்.