பிராட் குஷூ: துடைப்பத்தை யாரிடம் கொடுப்பது?

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

2006 பிப்ரவரி 24. இத்தாலியில் டூரினுக்கு அருகே பினெரோலோ. குளிர்கால ஒலிம்பிக்கின் ஆண்கள் கர்லிங் இறுதி ஆட்டம். கனடா அணியின் ஸ்கிப், அதாவது தலைவர், 25 வயது பிராட் குஷூ. ஆனால் வளையத்துக்குள் துடைப்பத்தை ஊன்றி நின்று, எந்தக் கல்லை எங்கே விடுவது என்று ஆட்டத்தை நடத்தியவர் அவரில்லை. ஐந்து நாள் முன்புதான் 50 வயது நிறைந்த ரஸ் ஹவர்ட்.

குஷூவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அவர் விடும் கடைசிக் கல்லைப் பற்றித்தான் பேசுவார்கள். தன் வேலையை அவர் யாரிடம், எப்போது பிரித்துக் கொடுத்தார் என்பதைத்தான் இன்று பார்க்கப்போகிறோம். அவருடைய ஆட்ட வாழ்க்கையைப் புரிந்துகொள்ள அதுதான் சரியான வழி என்பது என் கருத்து.

முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 45 மீட்டருக்குச் சற்று அதிக நீளமும், 5 மீட்டருக்குள் அகலமும் கொண்ட பனித்தளம். கிரானைட் கல் ஒவ்வொன்றும் 20 கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். அணிக்கு நால்வர், ஆளுக்கு இரண்டு கல். இரண்டு அணியும் மாறி மாறி 16 கல்லையும் விட்டு முடித்தால் அது ஒரு எண்டு. பெரிய போட்டிகளில் பத்து எண்டு. எதிர்முனையில் 12 அடி விட்டமுள்ள வளையம் இருக்கிறது. அதற்குப் பெயர் ஹவுஸ். எண்டு முடிந்ததும், நடுப்புள்ளிக்கு மிக அருகில் எந்த அணியின் கல் நிற்கிறதோ அந்த அணிக்கு மட்டும் புள்ளி. எதிரணியின் மிக அருகிலுள்ள கல்லைவிட நெருக்கமாக எத்தனை கல் இருக்கிறதோ அத்தனை புள்ளி.

தளம் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்காது. ஆட்டத்துக்கு முன் அதன்மேல் நீர்த்துளிகளைத் தெளித்து உறையவைப்பார்கள். பெபிள் எனப்படும் அந்தச் சிறு புடைப்புகளின் மேல்தான் கல் ஓடுகிறது. கல்லின் அடிப்பாகமும் குழிவானது. ஒரு மெல்லிய வளைய விளிம்பு மட்டுமே பனியைத் தொடும். கைப்பிடியை லேசாகத் திருப்பிவிட்டால், கல் வேகம் குறையக் குறையப் பக்கவாட்டில் வளையும். நல்ல தளத்தில் நாலைந்து அடி வளையும். சுழற்சி போதவில்லை என்றால் கல் எந்தப் பக்கம் போகும் என்று யாரும் சொல்ல முடியாது.

கேரமில் விரல் சுண்டியதும் ஸ்டிரைக்கர் நம் கையை விட்டுப் போய்விடும். இங்கே கல் கையை விட்ட பிறகும் ஏறத்தாழ 25 விநாடி ஓடுகிறது. அந்த நேரம் முழுக்க இரண்டு பேர் அதற்கு முன்னால் பனியைத் தேய்த்துக்கொண்டே ஓடலாம். தேய்த்தால் புடைப்பின் நுனிகள் சூடாகி உராய்வு குறையும். கல் கூடுதல் தூரம் போகும், வளைவதும் குறையும். வேகம் சரியா என்று பார்ப்பது தேய்ப்பவர்கள் வேலை, கோடு சரியா என்று பார்ப்பது எதிர்முனையில் நிற்பவர் வேலை. கத்தல் அதற்காகத்தான். தேய்ப்பவர்கள் எண்ணில் பேசுவார்கள்: "நாலு" என்றால் வளையத்தின் முன்விளிம்பு, "ஏழு" என்றால் நடுப்புள்ளி, "பத்து" என்றால் பின்விளிம்பு. கல் விடும் முனையிலுள்ள பின்கோட்டிலிருந்து முதல் ஹாக் கோடு வரை, அதாவது கல்லைக் கையிலிருந்து விட்டாக வேண்டிய எல்லை வரை, கல் எடுத்துக்கொள்ளும் நேரத்தை ஸ்டாப்வாட்சில் பிடிப்பார்கள். அதில் பத்தில் ஒரு பங்கு விநாடி மாறினாலே கல் நிற்கும் இடம் ஏறக்குறைய ஆறு அடி மாறிவிடும்.

ஸ்கிப்புக்கு இரண்டு வேலை. வியூகம் வகுத்துத் துடைப்பத்தைக் குறியாகப் பிடிப்பது ஒன்று. கடைசி இரண்டு கல்லை விடுவது மற்றொன்று. இரண்டையும் ஒரே ஆள் செய்வது வழக்கம்தானே தவிர விதி இல்லை. அல்பெர்டாவின் ராண்டி ஃபெர்பி ஸ்கிப்பாக நான்கு தேசியப் பட்டம் வென்றார். அவர் மூன்றாவதாகத்தான் கல் விட்டார், கடைசிக் கல் டேவிட் நெடோஹினுடையது.

இனி குஷூ. 1980-ல் நியூஃபவுண்ட்லாந்தின் தலைநகர் செயின்ட் ஜான்ஸில் பிறந்தவர். கனடாவின் கிழக்கு மூலையில் ஒரு தீவு. கர்லிங்கின் வலுவான மாகாணங்களான மனிடோபா, சஸ்காட்செவன், அல்பெர்டா எல்லாம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் மேற்கே இருக்கின்றன. தரமான எதிரணி வேண்டுமென்றால் விமானம் ஏற வேண்டும். 1927 முதல் நடக்கும் தேசிய ஆண்கள் போட்டியான பிரையரை அந்தத் தீவு அதுவரை ஒரே ஒருமுறைதான் வென்றிருந்தது: 1976-ல், ஜாக் மெக்டஃப் தலைமையில். அந்த அணியின் மூன்றாம் ஆட்டக்காரர் டோபி மெக்டொனால்ட். பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2001-ல் அமெரிக்காவின் ஆக்டென் நகரில் குஷூ உலக ஜூனியர் பட்டம் வென்றார். கூட ஆடியவர்களில் மார்க் நிக்கல்ஸும் மைக் ஆடமும் இருந்தார்கள். 2005-ல் ஒலிம்பிக் தேர்வுப் போட்டி நெருங்கியபோது பயிற்சியாளர் அதே டோபி மெக்டொனால்ட். அணியில் கை நன்றாக இருந்தது, தலை இளையதாக இருந்தது. நேர்த்தியாகக் கல் விடத் தெரிந்த இளைஞர்கள் பெரிய ஆட்டங்களில் தோற்பது வியூகத்தில்தான். முன்னிலையில் இருக்கும்போது எப்போது கற்களைத் தட்டித் தட்டித் தளத்தைக் காலி செய்வது, ஹேமர் எனப்படும் கடைசிக் கல் உரிமை கையில் இருக்கும்போது ஒரே ஒரு புள்ளி எடுப்பதா, புள்ளியே எடுக்காமல் எண்டை வெறுமையாக்கி உரிமையை அடுத்த எண்டுக்குக் கொண்டுபோவதா என்ற கணக்கு. புள்ளி எடுத்தால் உரிமை எதிரணிக்குப் போய்விடும். அதனால் ஹேமர் உள்ளவர் குறைந்தது இரண்டு தேடுவார், இல்லாதவர் அவரை ஒன்றோடு நிறுத்தப் பார்ப்பார்.

அந்தக் கணக்குக்காக வந்தவர்தான் ரஸ் ஹவர்ட். 1987, 1993 உலக சாம்பியன். இன்னொரு சிறப்பும் உண்டு. பழைய ஆட்டத்தில் முன்னிலை பெற்ற அணி எதிரணி வைக்கும் கல்லையெல்லாம் தட்டிக்கொண்டே போகும். பார்ப்பவர்களுக்குத் தூக்கம் வரும். ஹவர்ட் பயிற்சிக்காக ஒரு விதி வைத்து ஆடினார்: முதல் நான்கு கல்லைத் தட்டக் கூடாது. 1990-ல் மாங்க்டன் நகரில் ஒரு போட்டியில் அதைச் சோதித்தார்கள். அதுவே மெருகேறி, வளையத்துக்கு முன்னால் நிற்கும் காவல் கற்களைத் தொடக்கத்தில் வெளியேற்றக் கூடாது என்ற உலக விதியாயிற்று. 2018 முதல் அந்தக் காப்பு முதல் ஐந்து கல் வரை நீண்டிருக்கிறது. காவல் கல் நின்றால் அதன் பின்னால் ஒளித்து வைக்கலாம், ஒளித்து வைத்தால் புள்ளி குவியும். ஆட்டத்தின் இன்றைய உருவத்துக்கே காரணமானவர்களில் ஒருவரை ஒரு 25 வயது இளைஞர் அழைத்துவந்து, துடைப்பத்தை நீங்களே பிடியுங்கள் என்று கொடுத்தார்.

இதற்கு விலையும் இருந்தது. ஹவர்ட் இரண்டாம் ஆளாகக் கல் விட, பழைய தோழர் மைக் ஆடம் மாற்று ஆட்டக்காரராக உட்கார நேர்ந்தது. ஹாலிஃபாக்ஸில் நடந்த தேர்வு இறுதியில் ஜெஃப் ஸ்டவ்டனை 8-7 என வென்றார்கள். ஒலிம்பிக் இறுதியில் ஃபின்லாந்துக்கு எதிராக ஆறாம் எண்டில் மட்டும் ஆறு புள்ளி, முடிவு 10-4. கனடா ஆண்களுக்கு ஒலிம்பிக் கர்லிங்கில் முதல் தங்கம் அது. அதற்கு முந்தைய இரண்டு ஒலிம்பிக்கிலும் வெள்ளிதான். நியூஃபவுண்ட்லாந்தில் அன்று பள்ளிகளை மதியமே மூடிவிட்டுப் பிள்ளைகளை ஆட்டம் பார்க்க அனுப்பினார்கள்.

அடுத்த பதினோரு ஆண்டை வேகமாகக் கடக்கிறேன். ஒலிம்பிக் தங்கம் இருக்கிறது, பிரையர் இல்லை. 2007-ல் இறுதியில் கிளென் ஹவர்டிடம் தோல்வி. ரஸ்ஸின் தம்பிதான் அவர். 2016 இறுதியில் கெவின் கூயியிடம் தோல்வி. நிக்கல்ஸ் நடுவில் சில ஆண்டு பிரிந்துபோய் 2014-ல் திரும்பினார். அதற்குள் பிரெட் காலன்ட், ஜெஃப் வாக்கர் இருவரும் அணிக்கு வந்திருந்தார்கள். இருவரும் தேய்ப்பதில் பெயர் பெற்றவர்கள்.

உடம்பும் சோதித்தது. 2015 அக்டோபரில் ஒரு போட்டியில் பனியில் விழுந்து முகத்தில் அடிபட்டு, தையல் போட்டுக்கொண்டு திரும்பி வந்து ஆடினார். கர்லிங் காலணியில் ஒரு காலின் அடிப்பாகம் வழுக்குவதற்கென்றே டெஃப்லான் பூசியது. சமநிலை தவறினால் கையை ஊன்றுவதற்குள் தலை பனியில் மோதிவிடும். 2016-17 பருவத்தின் முதல் பகுதியை இடுப்பு, தொடை இடுக்கு வலியால் இழந்தார். கல் விடும்போது வழுக்கும் காலை நெஞ்சுக்கு அடியில் மடக்கி, உடல் எடை முழுவதையும் அதன்மேல் வைத்து நீளமாகச் சறுக்குவார்கள். வாரத்துக்கு நூற்றுக்கணக்கான தடவை ஒரே மூட்டு அந்தப் பாரத்தைத் தாங்குகிறது.

அந்தப் பருவத்தில்தான் பிரையர் செயின்ட் ஜான்ஸுக்கு வந்தது. குஷூவுக்கு 14-ஆவது பிரையர், சொந்த ஊர். இறுதியில் மறுபடியும் கூயி. பத்தாம் எண்டில் 6-6. ஹேமர் குஷூ கையில். எதிரணியின் கல்லைவிட நெருக்கமாக ஒரு கல்லை நிறுத்தினால் போதும். விட்டார், வேகம் குறைவு. காலன்டும் வாக்கரும் நீள நெடுகத் தேய்த்தார்கள். கல் வந்து சேர்ந்தது. 7-6.

இது சும்மா உணர்ச்சிக் கதை இல்லை. முந்தைய ஆண்டு இப்படி ஒரு கல் வந்திருந்தால் துடைப்பத்தின் துணியைத்தான் சந்தேகப்பட்டிருப்பார்கள். 2015-ல் சொரசொரப்பான புதுத் துணிகள் வந்தன. அவற்றால் ஒரே ஆள் தேய்த்தே கல்லை விரும்பிய பக்கம் திருப்ப முடிந்தது. முன்னணி அணிகள் பல தாங்களாகவே அவற்றைக் கைவிட்டன. 2016 மேயில் ஒன்டாரியோவின் கெம்ப்ட்வில்லில் உலகக் கர்லிங் கூட்டமைப்பும் கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து சோதனை நடத்தின; அதன்பின் எல்லோருக்கும் ஒரே வகைத் துணி என்றாயிற்று. ஆகவே 2017-ல் அந்தக் கல்லை இழுத்து வந்தது தோளும் நுரையீரலும்தான். துடைப்பத்தின் தலைமேல் உடல் எடையைச் சாய்த்து, அதே சமயம் வேகமும் குறையாமல் 25 விநாடி முழு மூச்சில் தேய்ப்பது எத்தனை கடினம் என்று ஒருதடவை முயன்றவர்களுக்குத் தெரியும். அடுத்த மாதம் எட்மன்டனில் 13 ஆட்டமும் வென்று, இறுதியில் ஸ்வீடனின் நிக்லஸ் எடினை 4-2 எனத் தோற்கடித்து உலகப் பட்டம்.

2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலம். அடுத்த மாதமே லெத்பிரிட்ஜில் பிரையர். கடைசிக் கட்டத்தில் நிக்கல்ஸுக்குக் கோவிட். மூன்று பேராக ஆடினார்கள். அப்படி ஆடினால் முதல் இருவரும் ஆளுக்கு மூன்று கல் விட வேண்டும், ஸ்கிப் இரண்டு. கேட்க எளிது. ஆனால் அந்த ஆறு கல்லுக்கும், விடுபவர் ஒருவர், துடைப்பம் காட்டுபவர் ஒருவர் போகத் தேய்க்க ஒருவர்தான் மிச்சம். அதனால் வேகக் கணிப்பில் தவறினால் மீட்பது கடினம். சற்றுக் கூடுதல் வேகத்தில் விடுவதும் சரிப்படாது, போகிற கல்லை நிறுத்த யாராலும் முடியாது. வியூகத்தை விவாதிக்க இருக்கும் துணைத் தலைவரும் இல்லை. இறுதி ஆட்டம் கூடுதல் எண்டுக்குப் போய், மீண்டும் கூயியை 9-8 என வென்றார்கள். குஷூவின் பட்டங்களில் எனக்கு மிகப் பெரியதாகப் படுவது இதுதான், ஒலிம்பிக் தங்கத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

2017, 2018, 2020, 2022, 2023, 2024 என ஆறு பிரையர். ஸ்கிப்பாக ஆறு வென்றவர் அவருக்கு முன் யாருமில்லை. குறையையும் சொல்ல வேண்டும்: 2018, 2022, 2023, 2024 என நான்கு உலக இறுதிகளில் தோற்றார். மூன்று எடினிடம், ஒன்று ஸ்காட்லாந்தின் புரூஸ் மௌவட்டிடம். ஐரோப்பிய அணிகள் பல ஆண்டு முழுக்க ஒன்றாகவே பயிற்சி எடுக்கின்றன. கனடிய வீரர்களோ வெவ்வேறு மாகாணங்களில் தனித்தனியாகப் பயின்று, போட்டி மைதானத்தில் சந்திக்கிறார்கள். வேகத்தைக் கணிப்பதில் நால்வருக்கும் ஒரே அளவுகோல் அமைவதற்கு அது இடையூறு என்றே நினைக்கிறேன்.

2022-ல் காலன்ட் விலகி அல்பெர்டாவின் பிரெண்டன் பாட்சர் அணிக்குப் போனார். அவர் இடத்துக்கு ஈ. ஜே. ஹார்ன்டன் வந்தார், 2024-25 பருவத்தின் நடுவில் அவரும் விலகினார். இதற்கிடையே பாட்சரைக் கழற்றிவிட்டு அவருடைய அணியினர் பிராட் ஜேக்கப்ஸை ஸ்கிப்பாக்கிக்கொண்டார்கள். 2021-ல் பிரையர் வென்ற ஸ்கிப், வேலையின்றி நின்றார். குஷூ அவரைக் கூப்பிட்டுத் தன் அணியில் இரண்டாம் ஆளாகச் சேர்த்துக்கொண்டார், காலன்ட் விட்டுப்போன அதே இடத்தில்.

நன்றி, வணக்கம்.