யூரியாவை நிறுத்தியது யார்?

நடுவர் ஐயா அவர்களே, மட்டக்களப்புப் பெருமக்களே, வணக்கம். ‘மக்கள் எழுச்சிக்குப் பெரிதும் காரணம் பொருளாதாரமா, அரசியலா?’ என்ற தலைப்பில், அரசியலே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் இலங்கையின் 2022 மக்கள் எழுச்சியை எடுத்துச் சொன்னார். காஸ் வரிசை, மண்ணெண்ணெய் வரிசை, பால்மா இல்லாத வீடு. சரி, அத்தனையும் உண்மை. நாமும் அந்த வரிசைகளில் காய்ந்தவர்கள்தான். ஆனால் அந்த வரிசையை உண்டாக்கியது எது?

பசளையை எடுங்கள். இங்கே இருக்கிற விவசாயிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடுதிப்பென்று நிறுத்தினார்கள். வயல் நீரைப் பார்க்கும் எந்த வட்டவிதானையைக் கேட்டார்கள்? வயல்காரரான எந்தப் போடியாரைக் கேட்டார்கள்? பெரும்போகத்துக்கு யூரியா இல்லை. நவம்பரில் தடையைத் தளர்த்தினார்கள். விதைத்தவனுக்கு அது பிந்திப்போன சேதி. மழை பொய்த்ததா? வெள்ளம் அடித்ததா? இல்லை ஐயா, மேலே எடுத்த ஒரு முடிவு! அதற்கு முந்திய வருடம், 2020 ஒக்டோபரில்தான் அரசியலமைப்பின் 20ஆம் திருத்தம் ஜனாதிபதியின் கையில் அதிகாரத்தைக் குவித்திருந்தது. நெருக்கடிக்கு ராஜபக்ச சகோதரர்கள் உள்ளிட்டோரே பொறுப்பு என்று 2023 நவம்பரில் உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் உடல்களை எரித்தார்களே, அதற்கு என்ன பொருளாதாரக் காரணம்? 2021 மார்ச்சில்தான் ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய விட்டார்கள்.

பசி மட்டும் போதுமென்றால் எழுபதுகளில் பாணுக்கு வரிசையில் நின்ற மக்கள் ஏன் 2022இல் போலப் பிரதமரின் அலரி மாளிகைக்குள் புகவில்லை? 1977 தேர்தலுக்குப் பொறுத்திருந்து, ஆண்ட சுதந்திரக் கட்சியை 8 ஆசனங்களுக்கு இறக்கினார்கள். 2022இலோ அடுத்த ஜனாதிபதித் தேர்தலுக்கு இன்னும் இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தது. அதனால்தான் சனம் வீதியில் இறங்கியது.

பிறகு என்ன நடந்தது? 2022 ஜூலை 14இல் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச விலகினார். 20ஆம் திகதி, மக்கள் வெறுத்த அதே பாராளுமன்றம் 134 வாக்குகளோடு ரணில் விக்கிரமசிங்கவை ஜனாதிபதியாகத் தெரிவு செய்தது. 22ஆம் திகதி விடியுமுன், போராட்டக்காரர் தங்கியிருந்த கொழும்பு காலிமுகத்திடலுக்குப் படை வந்தது.

2023 செப்டம்பரில் சித்தாண்டி வீதியோரம் நம் பண்ணையாளர்கள் உட்கார்ந்தார்கள். அப்போது கடையில் பால்மா இருந்தது, காஸ் இருந்தது. அவர்கள் கேட்டது மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரையை. அந்தத் தரை பறிபோகாமல் காக்க வேண்டியது சந்தையா, அரசா? எதிரணி நண்பர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.