50 வெள்ளி நோட்டின் பின்பக்கம்

தலைவர் அவர்களே, வட்டாரப் பணிகளுக்கு நடுவிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நாடாளுமன்ற உறுப்பினர் அவர்களே, கூடத்தைக் கட்டணமின்றித் தந்த சமூக மன்றச் செயற்குழுவினரே, மழையைப் பார்க்காமல் வந்திருக்கும் தாய்மார்களே, பெரியவர்களே, பிள்ளைகளே, எல்லாருக்கும் வணக்கம். எனக்கு முன் பேசிய பேராசிரியர் ஐயா சீன ஓவிய வரலாற்றை அழகாகச் சொல்லிவிட்டார். அவருக்கும், போன ஆண்டும் என்னை இந்த மேடையில் ஏற்றிய செயலாளர் அம்மாவுக்கும் தனி நன்றி.

சீன மை ஓவியத்தில் மேற்கத்திய உத்திகள் கலந்த கதைதான் இன்றைய தலைப்பு. மூன்று செய்திகள் சொல்ல நினைக்கிறேன்: தாளும் மையும், ஒளியும் நிழலும், அப்புறம் வெற்றிடம். சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம் என்றார் ஔவை. மூன்றுக்கும் அதுதான் அடிப்படை.

சரி, தாளுக்கு வருவோம். எண்ணெய் வண்ணத்தில் தீட்டுகிறவர் தப்பாகிவிட்டால் சுரண்டி எடுக்கலாம், மேலே இன்னொரு பூச்சு பூசலாம். சீனர்களின் சுவான் தாளில் அது நடக்காது. மரப்பட்டை நாரும் நெல் வைக்கோலும் சேர்த்துச் செய்த தாள் அது. ஈரத் தூரிகையை வைத்துவிட்டு ஒரு மூச்சு தயங்கினால் போதும், மை வட்டமாகப் பரவி, ஓரம் மயிர்மயிராகப் பிரிந்து நிற்கும். அழிக்கவே முடியாது. அந்தத் தாளில் மேற்கத்திய உடற்கூற்றைக் கொண்டுவர வேண்டுமானால் கை எவ்வளவு பழகியிருக்க வேண்டும்! பாரிஸில் பயின்ற சீன ஓவியர் சூ பெய்ஹோங் தம் குதிரை ஓவியங்களில் அதைச் செய்தார். எலும்பும் தசையும் பாரிஸில் படித்தவை. பறக்கும் பிடரி சீன மையின் வீச்சு. 1939இல் அவர் இதே சிங்கப்பூரில் கண்காட்சி நடத்திச் சீனாவின் போர் நிவாரணத்துக்கு நிதி திரட்டினார். பிறகு தாகூரின் சாந்திநிகேதனுக்குப் போனார்.

இப்போது ஒரு வேலை செய்யுங்கள். பையில் ஓவியங்கள் அச்சிட்ட 50 வெள்ளி நோட்டு இருந்தால் எடுத்துப் பின்பக்கம் பாருங்கள். நம் வீணை இருக்கிறது. கூடவே இரண்டு ஓவியங்கள். ஒன்று, மீன் காயப்போடும் காட்சி, சியோங் சூ பியெங் வரைந்தது. மற்றதில் கொடிகளுக்கு நடுவே இரண்டு கிப்பன் குரங்குகள். வரைந்தவர் சென் வென் சி.

தென்சீனாவின் குவாங்டோங்கில் 1906இல் பிறந்தவர். சீனாவின் சோங் அரசமரபுக் காலத்துத் துறவி மூச்சி வரைந்த கிப்பன் ஓவியம் அச்சுப்படியாகத்தான் அவர் கண்ணில் பட்டது. சொக்கிப்போனார். அதைப் பார்த்துப் பார்த்துப் போட்டார், போட்டுக்கொண்டே இருந்தார். உயிருள்ள கிப்பனை அதுவரை அவர் கண்டதில்லை. அதனால் குரங்குக்கு வால் வைப்பதுபோல் கிப்பனுக்கும் வால் வைத்துவிட்டார். கிப்பனுக்கு ஏதய்யா வால்? 1940களின் கடைசியில் வெளிநாட்டுக்காரர் ஒருவர் அந்தப் பிழையைச் சுட்டிக் காட்டினார். யோசித்துப் பாருங்கள், வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, ஓவியர் என்று ஊரில் பெயரும் இருக்கிறது. அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? கடைக்குப் போய் ஒரு கிப்பனை வாங்கிவந்து வீட்டுத் தோட்டத்தில் வளர்த்தார்! ஒன்று ஆறானது. தொங்குவதையும் தாவுவதையும் நாள்தோறும் பார்த்தார், வரைந்தார். சித்திரமும் கைப்பழக்கம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? மை மரபோடு, உருவத்தைக் கோணங்களாக உடைத்துப் பார்க்கும் கியூபிசக் கண்ணும் அவருக்கு இருந்தது. அவருடைய கொக்குகளைப் பார்த்தால் தெரியும்.

இங்கேதான் என் மனக்குறையைச் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை முழுக்கத் துணைப்பாட வகுப்பு. வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரே ஒரு மணி நேரம் ஓவியத்துக்கு விடுங்கள் என்கிறேன். என்னிடம் ஓவியம் பழக ஒரு பையன் வந்தான், பத்து வயது. தூரிகையைத் தாளுக்கு மேலே பிடித்தபடி, "அங்கிள், ரப்பர் இருக்கா?" என்றான். இல்லை என்றதும் கண் கலங்கிவிட்டது. தப்பே செய்யக்கூடாது என்று அப்படிப் பழக்கியிருக்கிறோம். மூன்றாம் வாரம் அவன் ரப்பர் கேட்கவில்லை. மூங்கில் இலை ஒன்று போட்டான். நுனியில் மை கொஞ்சம் பரவிவிட்டது. அதை அம்மாவிடம் காட்ட ஓடினான்.

நேரமாகிவிட்டது என்று தலைவர் சைகை காட்டுகிறார். ஒளி நிழலையும் வெற்றிடத்தையும் இன்னொரு நாள் பேசுகிறேன். நாடாளுமன்ற உறுப்பினர் அவர்களிடம் ஒரு விண்ணப்பம்: இந்த மன்றத்தின் தரைத்தள அறையைச் சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் திறந்துவிடச் சொல்லுங்கள். தாளும் மையும் என் பொறுப்பு. பெற்றோர்களே, வாசல் மேசையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். பிள்ளையின் பெயரை எழுதிவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.